வீடு தேடி வந்த கோடுகள்



இந்த மாதம் ஓர் ஓவியரைப் பற்றி உங்களோடு பேச நினைக்கிறேன். வடசென்னையின் டோல்கேட்டிலும் காலடிப்பேட்டையிலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருந்து நம் இதழைப் படிக்கிறவர்களில் சிலர், "ஓவியக் கண்காட்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள்.

கண்காட்சிகளில் பல வகை உண்டு. ஓர் ஓவியர் கடைசி ஓரிரு ஆண்டுகளில் வரைந்தவற்றை மாட்டி வைப்பது வழக்கமான கண்காட்சி. அங்கே பெரும்பாலும் விற்பனையும் நடக்கும். மீள்பார்வைக் கண்காட்சி அப்படிப்பட்டதல்ல. ஓவியர்கள் அதை ரெட்ரோஸ்பெக்டிவ் என்பார்கள். மாணவனாக இருந்தபோது கிறுக்கிய தாள் முதல் கடைசியாகத் தொட்ட கித்தான் வரை, ஒரு மனிதரின் மொத்த உழைப்பையும் வரிசைப்படுத்தி வைப்பது அது. ஆசிரியரின் சாயல் எது வரை இருந்தது, எந்த ஆண்டில் சொந்தக் கை வந்தது, எதை விட்டார், விட்டதில் எது திரும்ப வந்தது என்பதெல்லாம் நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு விளங்கிவிடும். தேர்ந்த ரசிகராக இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே தொழிலைச் செய்தவர் யாராக இருந்தாலும், இன்னொருவரின் முப்பது ஆண்டு வேலையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுவார்.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1855இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, குஸ்தாவ் கூர்பேயின் பெரிய ஓவியங்களில் சிலவற்றை நடுவர்கள் ஏற்க மறுத்தார்கள். சாலையோரம் கல் உடைக்கும் தொழிலாளர்களை ஏறத்தாழ ஆள் அளவில் வரைந்தவர் அவர். மறுப்பைக் கேட்டு அவர் சோர்ந்துவிடவில்லை. கண்காட்சித் திடலுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கூடம் எழுப்பி, அதுவரை வரைந்தவற்றில் சுமார் 40 ஓவியங்களை மாட்டி, கட்டணம் வைத்து மக்களை உள்ளே அழைத்தார். "என் வேலை முழுவதையும் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமை ஓர் ஓவியருக்கு உண்டு என்பதை அந்தக் கூடம் உலகுக்குக் காட்டியது.

நம் ஊரில் அப்படி முழுசாகப் பார்க்கப்பட வேண்டியவர்கள் பலர் உண்டு. அவர்களில் இந்த இதழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானவர் என்று நான் கருதுவது கே.எம். ஆதிமூலத்தை.

திருச்சி மாவட்டத்தில் கீரம்பூர் என்ற சிற்றூரில் 1938இல் பிறந்தவர். வரைய வேண்டும் என்ற ஆசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு 1959இல் சென்னைக்கு வந்தார். இங்கே சிற்பி எஸ். தனபால் அவருக்கு வழிகாட்டினார். அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் பட்டயம் பெற்றார். அந்தக் கல்லூரி இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கிறது. ஆனால் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியது நம் பக்கத்து பிராட்வேயில். நாட்டின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளில் ஒன்று வடசென்னையின் வாசலில்தான் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொரு உறவும் இருக்கிறது. ஆதிமூலத்தின் ஆசான் தனபால். தனபாலின் ஆசான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்தக் கல்லூரியின் முதல்வராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தவர். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கையால் ஆனது. பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரின் முதுகையும் தொடையையும் பார்க்காத துறைமுகத் தொழிலாளி குடும்பம் நம் பகுதியில் உண்டா? மே தினத்தன்று மாலை போட்டு வருகிறோமே, அந்தச் சிலையைச் செய்தவரின் மாணவருக்கு மாணவர் ஆதிமூலம். ஆகவே அவர் ஓவியங்களை அறிமுகமில்லாத வீட்டின் பொருளாக நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

ஆதிமூலத்தின் மொத்த வேலையையும் வரிசையாகப் பார்த்தால் முதலில் நம்மை நிறுத்துவது கறுப்பு மை. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். அஞ்சல்தலையிலும் ரூபாய்த் தாளிலும் நாம் பார்த்துப் பழகிய முகம்தான். ஆனால் நூறு முறை வரையும்போது பழக்கம் உதிர்ந்துவிடுகிறது. நெற்றியும் காதும் தோளும் கோடுகளாகப் பிரிந்து, மறுபடி கூடி, ஒரு கிழவரின் நடையாகவும் ஒரு தேசத்தின் களைப்பாகவும் ஆகின்றன. ஒரே ஆளை நூறு முறை வரைந்தும் கை சலிக்கவில்லை என்றால், அந்தக் கை அவரைப் புரிந்துகொள்ளும் முயற்சியை விடவே இல்லை என்று பொருள்.

அடுத்து ராஜாக்கள். கிரீடமும் நகையும் பட்டும் நெருக்கமான கோடுகளால் அடைந்துகிடக்க, அந்த அலங்காரத்துக்குள்ளேயே மனிதர் உருக்குலைந்துகொண்டிருப்பார். 1971இல் மன்னர் மானியத்தை ஒழித்த நாட்டில் இந்த ராஜாக்கள் முன் நிற்பது தனி அனுபவம். அதிகாரத்தின் பகட்டு எப்படிக் கரையான் அரித்து உதிரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பேன். 1962 முதல் 1996 வரையிலான அவருடைய கோட்டோவியங்கள் 'பிட்வீன் த லைன்ஸ்' என்ற பெரிய நூலாகத் தொகுக்கப்பட்டன. காந்தியையும் ராஜாக்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கும்போது, பணிவை வரைந்த அதே பேனாவால் ஆணவத்தையும் வரைய முடிந்திருக்கிறது என்பது தெரிகிறது.

இப்போது என் முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஆதிமூலத்தின் வாழ்நாள் வேலையில் ஒரு பெரும்பகுதி எந்தக் கூடத்துச் சுவரிலும் மாட்டப்படாமல் வேறொரு வழியில் மக்களிடம் போனது. கசடதபற போன்ற சிற்றிதழ்களின் பக்கங்களில், கவிதை நூல்களின் அட்டைகளில், சிறுகதைத் தொகுப்புகளின் முகப்பில் அவர் கோடுகள் வந்தன. தமிழில் புதிதாக எழுத வந்தவர்களும் புதிதாக வரைய வந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்த காலம் அது. பிறகு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதியபோது ஆதிமூலம் அதற்கு வரைந்தார். வாரப் பத்திரிகைக்குப் பழக்கமான அழகு முகங்களை அவர் தரவில்லை. முள்ளும் வெயிலும் காய்ந்த உடம்புமாக அந்தக் கரிசல் நிலத்தையே கோட்டில் கொண்டுவந்தார். டீக்கடையில் வாங்கிப் போட்ட பத்திரிகையில், சலூன் பெஞ்சில், ரயில் பெட்டியில் அதைப் பார்த்தவர்கள் பல்லாயிரம் பேர். நவீன ஓவியம் பார்க்கிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தார்கள், அது உள்ளே போயிற்று.

இது நடந்ததற்கு அச்சுத் தொழிலிலும் ஒரு காரணம் உண்டு. பிராட்வே, மண்ணடிப் பக்கம் அச்சகங்களில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அன்று சிற்றிதழ்களை ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். புகைப்படமோ வண்ண ஓவியமோ போட வேண்டுமென்றால் ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். செலவு கூடும். மலிவான தாளில் புள்ளிகள் கலங்கி முகமே அடையாளம் தெரியாது. வெறும் கறுப்புக் கோட்டில் வரைந்த படத்துக்கு லைன் பிளாக் போதும். விலையும் கட்டுப்படியாகும், நியூஸ்பிரிண்டிலும் கூர்மை போகாது. பணமில்லாத பத்திரிகைக்கு ஏற்ற கலை கோட்டோவியம். ஆதிமூலம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று, அதிலிருந்தே தன் வலிமையை எடுத்துக்கொண்டார்.

எழுத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அச்சகத்து ஈய எழுத்துகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும். அதைத் தாண்டி, பத்திரிகைப் பெயரையும் நூல் தலைப்பையும் அவர் கையாலேயே எழுதினார். 'க'வுக்கும் 'ழ'வுக்கும் ஒரு எலும்பும் தசையும் உண்டு என்று காட்டினார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடைப் பலகை எழுதியும் கட்சிச் சுவர் எழுதியும் பிழைத்த ஓவியர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருந்தார்கள்! சாரத்தில் நின்று, அளவுகோல் இல்லாமல், பத்தடி உயரத்துக்கு ஒரு தலைவரின் பெயரை எழுதிவிட்டு இறங்கிய அந்தக் கைகளுக்கு ஆதிமூலத்தின் எழுத்தில் இருக்கும் திறமை சட்டென்று புரியும். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டது. அறிவு மட்டும் இன்னும் அவர்கள் விரலில் இருக்கிறது.

பிழைப்புக்காக ஆதிமூலம் பார்த்த வேலையும் நமக்கு அந்நியமில்லை. கைத்தறித் துறையின் நெசவாளர் சேவை மையத்தில் அவர் வடிவமைப்பாளராக இருந்தார். கைத்தறிக் கலை ஆர்வலர் புபுல் ஜெயகரின் முயற்சியால் 1950களில் தொடங்கிய இந்த மையங்கள், பயிற்சி பெற்ற ஓவியர்களைத் தறிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தன. சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர்கள் சிலருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வாழவைத்தவை அவை. நம் டோல்கேட்டுக்கு அடுத்த மெட்ரோ நிலையமான காலடிப்பேட்டை, கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில், 1717க்கும் 1720க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், நெசவாளர்களுக்காக ஏற்பட்ட ஊர். அவர் பெயர்தான் மருவி ஊர்ப்பெயராக நிற்கிறது. துணியும் சாயமும் கோடும் இந்த மண்ணின் பழைய தொழில்கள். தறியோடு பழகிய ஓர் ஓவியரைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமானதுதானே.

வரிசையின் பிற்பகுதியில் வண்ணம் வருகிறது. உருவங்களைக் கோட்டில் வரைந்து பெயர் பெற்றவர், பின்னாளில் உருவத்தையே விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியங்களுக்குப் போனார். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுவோம். "இது என்ன?" என்று கேட்போம், பதில் கிடைக்காமல் நகர்ந்துவிடுவோம். தயவுசெய்து நகராதீர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். போன ஆண்டின் நீலத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய பச்சை, அதற்குக் கீழே உப்பு தின்ற சிவப்பு. அந்தப் பலகையை ரசிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஆதிமூலத்தின் வண்ணப் படலங்கள் புதிதில்லை. அங்கேயும் ஒரு நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறம் மூச்சுவிடுகிறது. மஞ்சளின் ஓரத்தில் சாம்பல் எட்டிப் பார்க்கிறது. எதைக் குறிக்கிறது என்று கேட்காமல், எது முன்னே வருகிறது, எது பின்வாங்குகிறது, கண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் மாலை வானத்தையும் மணலி ஆலையின் தீக்கொழுந்தையும் நாள்தோறும் பார்க்கிறவர்கள் நாம். நிறத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் கண்ணை நாம் நம்பினால் போதும்.

கோட்டிலிருந்து வண்ணத்துக்கு அவர் தாவியது ஏன் என்ற கேள்விக்கும் மீள்பார்வையில்தான் விடை தேட முடியும். காந்தியையும் ராஜாவையும் பக்கத்து அறையில் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒன்று புலப்படும்: அந்தக் கறுப்புக் கோட்டோவியங்களிலேயே வெள்ளை வெளி பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. கோடுகள் உடம்பை விட்டு விலகி வெளியை நோக்கி நகர்கின்றன. அந்த வெளியில்தான் பிறகு வண்ணம் குடியேறியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஓவியர்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரே ஆள், ஒரே நடை. அவசரமாக ஒருமுறை சுற்றிவந்தால் இது பிடிபடாது. ஓவியர் செசான் இறந்த மறுஆண்டு, 1907இல், பாரிஸில் அவருடைய ஓவியங்களைத் திரட்டி வைத்தபோது கவிஞர் ரில்கே அதே அறைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். பார்த்ததைத் தன் மனைவிக்குக் கடிதங்களாக எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்று ஓவியம் பார்க்கக் கற்றுத்தரும் நூலாக இருக்கின்றன. நீங்களும் இரண்டாம் முறை போங்கள். வீட்டுக்கு வந்து யாரிடமாவது பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஆதிமூலம் 2008 ஜனவரியில் மறைந்தார். ஓர் ஓவியர் போன பிறகு அவர் வேலை சிதறுவது வேகமாக நடக்கும். கித்தான்களுக்காவது விலை உண்டு, வாங்கியவர்கள் காப்பாற்றுவார்கள். பத்திரிகையில் வந்த படத்தை யார் காப்பாற்றுவார்? மூலத் தாள் அச்சகத்திலேயே தொலைந்திருக்கும். இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கே. ராமானுஜம் 1973இல் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். கனவு நகரங்களை மையில் எழுப்பிய அந்தக் கலைஞரை இன்று எத்தனை தமிழ் இளைஞர்களுக்குத் தெரியும்? திரட்டி வைக்காத கலை ஒரு தலைமுறைக்குள் மறந்துபோகிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ஜூனியர் விகடன் கட்டு இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ சேர்த்துவைத்த சிற்றிதழ்கள் இருக்கலாம். தொழிற்சங்க நூலகத்தில், படிப்பகத்தில், மூலையில் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். ஆதிமூலம் வரைந்த பக்கம் இருந்தால் இதழின் பெயர், தேதியோடு குறித்துவைத்து எங்களுக்கு எழுதுங்கள். தாளை மடிக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டின் கோட்டையூரில் தனி ஒரு மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து எழுந்த நூலகம் அது. சேர்த்துவைப்பதற்குப் பெரிய பதவி தேவையில்லை என்பதற்கு அவரே சாட்சி.

கூடங்களுக்கும் போங்கள். 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ நம் வாசலுக்கு வந்துவிட்டது. டோல்கேட்டில் ஏறினால் வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம். அங்கிருந்து கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமிக்கு நடந்தே போகலாம். சென்ட்ரலில் வண்டி மாறினால் எழும்பூர் அருங்காட்சியகம். உள்ளே போகத் தயங்க வேண்டாம். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் அமைதியும் யாரையும் வெளியே நிறுத்துவதற்காக வைத்தவை அல்ல. புரியவில்லை என்றால் அங்கிருப்பவரைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

அதோடு நிற்க வேண்டாம் என்பதும் என் விருப்பம். நகரத்தின் பெயர்பெற்ற ஓவியக் கூடங்கள் எல்லாம் நமக்குத் தெற்கே இருக்கின்றன. சரக்கு, மீன், எரிபொருள், மின்சாரம் என்று நகரத்துக்கு வேண்டியதெல்லாம் நம் பக்கத்திலிருந்து போகும்போது, கலை மட்டும் நம் பக்கம் வராமல் இருப்பது சரியில்லை. கித்தான்களை இங்கே கொண்டுவரக் காப்பீடும் காவலும் குளிர்சாதனமும் வேண்டும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களில் பல அச்சுக்காகவே வரையப்பட்டவை. உரியவர்களின் அனுமதியோடு எடுத்த நல்ல அச்சுப்படி ஒன்று அந்தக் கோட்டின் உயிரை அப்படியே தரும். மாநகராட்சிப் பள்ளி அரங்கில், சமுதாயக் கூடத்தில், சங்கக் கட்டடத்தில் அதை மாட்டலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் பழைய கட்டடம் போன்ற இடங்களில் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் உங்கள் வீடுகளிலிருந்து வந்த பழைய இதழ்களையும் வைக்கலாம். இப்படி ஒரு மீள்பார்வையை எந்தப் பெரிய கூடத்தாலும் தனியாக நடத்திவிட முடியாது, ஏனென்றால் அந்த ஓவியரின் பாதி உங்களிடம் இருக்கிறது.

இதைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களோடும் சங்க நண்பர்களோடும் பலகை எழுதிய மூத்த ஓவியர்களோடும் பேச இருக்கிறோம். இடம் கொடுக்கக்கூடியவர்கள், சட்டம் போட்டுத் தரக்கூடிய தச்சர்கள், பிள்ளைகளுக்குப் படங்களை விளக்கக்கூடியவர்கள் எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிட்டு, யார் என்ன செய்வது என்று அங்கேயே முடிவு செய்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்